வாசகர் கேள்வி – பதில்: தியோங் பாரு புளோக் 78

சிங்கப்பூரின் தியோங் பாரு வட்டாரத்தில் உள்ள பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றையும் அதனுள் இருக்கும் போர்க்காலக் காப்பிடத்தையும் பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இவ்விதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தியோங் பாரு சந்தைக்குப் போகும்போதெல்லாம் வளைந்த மாடங்களுடைய அந்த வெள்ளைக் கட்டடங்களைப் பார்க்கிறேன். அவற்றுள் ஒன்றின் அடியில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பதுங்குகுழி இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். குடியிருப்புக்கு அடியில் உண்மையிலேயே குழி தோண்டினார்களா?
– வாசகி, புக்கிட் மேரா

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது உண்மைதான். குழி என்பது மட்டும் அவ்வளவாகப் பொருந்தாது. நீங்கள் குறிப்பிடும் கட்டடம் மோ குவான் டெரஸ், குவான் சுவான் ஸ்திரீட் ஆகிய இரு தெருக்களையும் தழுவியபடி குதிரைலாட வடிவில் வளைந்து நிற்கும் புளோக் 78 ஆகும். அங்கிருப்பது மண்ணுக்குள் ஆழமாகத் தோண்டப்பட்ட நிலவறை அன்று. வீடுகளைத் தாங்கும் கட்டடத்தின் கீழ்த்தளமே கனத்த செங்கற்சுவர்களால் பல அறைகளாகத் தடுக்கப்பட்டு, காப்பிடமாக அமைந்திருக்கிறது. சுவர்களுக்கு வேண்டிய செங்கல் அலெக்சாண்ட்ரா செங்கல் சூளையிலிருந்து வந்தது. பூச்சு இல்லாத அந்தச் சுவர்களை இன்றும் அப்படியே காணலாம்.

இந்தக் குடியிருப்புப் பேட்டையைக் கட்டியது, 1927-இல் காலனி அரசு தோற்றுவித்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம். இன்று நாம் வீவக என்று அழைக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் அதன் இடத்துக்கு வந்தது. பழைய இடுகாட்டு நிலமாகவும் சதுப்பாகவும் கிடந்த பகுதியைச் சீர்செய்து, 1936-ஆம் ஆண்டின் இறுதியில் முதல் வீடுகளில் மக்களைக் குடியேற்றினார்கள். 1941-இல் பணி நின்றபோது அங்கே 784 அடுக்குமாடி வீடுகளும், அவற்றுடன் வரிசைக் குடியிருப்புகளும் கடைகளும் இருந்தன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் வசித்தனர். புளோக் 78-இன் வரைபடம் உருவான காலத்தில் ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்துவிட்டது. அதனால்தான் அந்த ஒரு கட்டடத்தில் மட்டும் காப்பிடம் திட்டத்திலேயே இடம்பெற்றது. அமைதிக் காலத்தில் அது பிள்ளைகள் விளையாடும் கூரையிட்ட திடலாகவும், குண்டு விழும் காலத்தில் புகலிடமாகவும் பயன்பட வேண்டும் என்பதே எண்ணம். வீவக வீடுகளின் அடியில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பயன்படும் திறந்த கீழ்த்தளங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த இரட்டைப் பயன்பாடு புதிதாகத் தோன்றாது. 1939-இல் அது புதுமையான சிந்தனைதான்.

காப்பிடத்தின் பரப்பு ஏறத்தாழ 1,500 சதுர மீட்டர். அதில் சுமார் 1,600 பேர் தங்கலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதாவது ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர்கூடத் தேறாது. உட்காரலாம், கால் நீட்டிப் படுக்க முடியாது. பேட்டையில் ஆறாயிரம் பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நால்வரில் ஒருவருக்கே அங்கு இடம் கிடைத்திருக்கும்.

கேள்வி: மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் வந்திருந்தபோது, அந்தக் காப்பிடத்தின் உட்புறப் புகைப்படங்களை அவர் காட்டினார். வெறும் செங்கற்சுவர், சுவர்களில் ஆங்காங்கே கதவில்லாத வழிகள். விமானத்திலிருந்து விழும் குண்டை இது எப்படித் தடுக்கும்? மக்களை ஏமாற்றக் கட்டியதோ என்று தோன்றுகிறது.
– வாசகர், மதுரை

நேராகத் தலைமேல் விழும் பெரிய குண்டை அது தடுக்காது. தடுக்கும் என்று அதைக் கட்டிய பொறியாளர்களும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அதனால் அது ஏமாற்று வேலையாகிவிடாது. வான்தாக்குதலில் குண்டு விழுந்த அந்தப் புள்ளியில் இருப்பவர்கள் மட்டும் சாவதில்லை. வெடித்துச் சிதறும் இரும்புத் துண்டுகள், அழுத்தக் காற்றின் அறை, உடைந்து பறக்கும் கண்ணாடி, சரிந்து விழும் சுவர் ஆகியவை குண்டு விழுந்த இடத்திலிருந்து வெகுதூரம் வரை ஆட்களை வீழ்த்துகின்றன. தெருவில் நிற்பவருக்கும் மெல்லிய பலகைத் தடுப்புக்குப் பின்னால் படுத்திருப்பவருக்கும் இவற்றிடமிருந்து பாதுகாப்பே கிடையாது.

அக்காலப் பிரிட்டிஷ் தற்காப்பு விதிமுறைகள் இந்தச் சிதறல்களை முன்வைத்தே எழுதப்பட்டன. ஐம்பது அடி, அதாவது சுமார் 15 மீட்டர் தொலைவில் 500 பவுண்டு குண்டு ஒன்று வெடித்தால், அதன் சிதறல்களைத் தடுக்கப் பதின்மூன்றரை அங்குலக் கனமுள்ள செங்கற்சுவர் போதும் என்பது அவ்விதிமுறைகளில் ஒன்று. அதே வேலைக்கு மண் குவிப்பதானால் இரண்டரை அடிக் கனம் வேண்டும். ஆகவே நகர்ப்புறத்தில் செங்கல் மலிவான, இடம் அடைக்காத தீர்வாக இருந்தது.

கதவில்லாத வழிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய காப்பிடங்களில் வழிகளை ஒன்றுக்கொன்று நேராக வைப்பதில்லை. ஒரு வழிக்கு எதிரே சுவர் வரும்படி இடம் மாற்றி வைப்பார்கள். நேர்கோட்டில் பாயும் இரும்புத் துண்டு சுவரில் மோதி நின்றுவிடும். காற்று மட்டும் வளைந்து வளைந்து உள்ளே வரும். குளிர்சாதனம் இல்லாத காலத்தில், நில நடுக்கோட்டுக்கு மிக அருகில், நூற்றுக்கணக்கானவர்களை ஓர் அடைத்த அறைக்குள் மணிக்கணக்கில் இருத்துவதை நினைத்துப் பாருங்கள். குண்டு தப்பினாலும் மூச்சு முட்டும். தளத்தைப் பல அறைகளாகப் பிரித்ததற்கும் காரணம் உண்டு. ஓர் அறையில் பாதிப்பு ஏற்பட்டாலும் அடுத்த அறையில் உள்ளவர்கள் பிழைப்பார்கள். தடுப்புச் சுவர்கள் மேல்தளத்தின் பாரத்தையும் தாங்கும். மேலே உள்ள வீடுகள் ஒருவேளை இடிந்து விழுந்தால் இடிபாடு முழுவதும் காப்பிடத்தின் கூரைமேல்தான் வந்து சேரும் என்பதால், இந்தப் பாரத்தை அன்றைய பொறியாளர்கள் இலேசாக எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: "பொதுமக்கள் ஒளிந்துகொள்ள வெள்ளைக்காரன் ஓர் இடம்கூடக் கட்டவில்லை, நாங்கள் கால்வாய்க்குள் படுத்துத்தான் தப்பினோம்" என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது தியோங் பாருவில் ஒன்று இருந்தது என்கிறீர்கள். எதை நம்புவது?
– வாசகர், ஜூரோங்

இரண்டும் உண்மை; உங்கள் தாத்தாவின் பேச்சுதான் பெரும்பான்மையோரின் அனுபவம். கால்வாயும் வடிகாலும், ஐந்தடி நடைபாதைத் தூண்களின் மறைவும், படிக்கட்டின் அடிப்புறமும்தான் நகரவாசிகளில் பலருக்குக் கிடைத்த புகலிடம். போருக்கு முந்திய பொதுக் குடியிருப்பில் பொதுமக்களுக்கெனக் கட்டி இன்றுவரை எஞ்சியிருக்கும் காப்பிடம் என்று சுட்டிக்காட்ட நம்மிடம் இருப்பது புளோக் 78 ஒன்றே.

காப்பிடங்கள் கட்டாததற்கு அரசு சொன்ன காரணங்கள் இவை: சிங்கப்பூரில் நிலத்தடி நீர் மட்டம் உயரம், தோண்டினால் தண்ணீர் ஊறும், திறந்த பதுங்குகுழிகளில் மழைநீர் தேங்கினால் கொசு பெருகி மலேரியா பரவும், நெருக்கமான கடைவீட்டுத் தெருக்களில் காப்பிடம் கட்ட இடமே கிடையாது. மக்களை நகரத்துக்கு வெளியே அனுப்பித் தங்கவைப்பதே நல்லது என்பது அவர்களுடைய முடிவு. இவற்றில் எதையும் வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. மலேரியாவை நகரத்திலிருந்து விரட்ட வடிகால் வெட்டியே பல ஆண்டுகள் பாடுபட்டிருந்த நிர்வாகம், தன் கையாலேயே ஆயிரக்கணக்கான குட்டைகளை வெட்டத் தயங்கியது புரிந்துகொள்ளக் கூடியதுதான்.

ஆனாலும் இந்த வாதம் எனக்கு முழுமையாக நிறைவளிக்கவில்லை. தண்ணீர் ஊறுகிறது என்ற அதே ஊரில்தான், இராணுவத் தலைமைக்காக ஃபோர்ட் கேனிங் குன்றினுள் சுமார் ஒன்பது மீட்டர் ஆழத்தில் கனத்த கான்கிரீட் நிலவறை கட்டப்பட்டது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் காலையில் பிரிட்டிஷ் படைத்தலைவர் ஜெனரல் பெர்சிவலும் அவருடைய தளபதிகளும் சப்பானியரிடம் சரணடையும் முடிவை எடுத்தது அந்த அறைகளில்தான். குன்று வேறு, தாழ்நிலம் வேறு என்று சொல்லலாம். அப்படியானால் தாழ்நிலத்தில் தோண்டாமலேயே தரைக்கு மேல் கட்ட முடியும் என்பதைப் புளோக் 78 காட்டிவிட்டது. அதே முறையில் இன்னும் பத்துக் கட்டடங்களை எழுப்பத் தடையாக இருந்தது நிலத்தடி நீர் அன்று. பணமும் காலமும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சப்பான் இவ்வளவு தூரம் வரமாட்டான் என்ற நினைப்பும்தான்.

நியாயத்துக்காக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாய்நாட்டிலும் பிரிட்டிஷ் அரசு இதே மனப்போக்கில்தான் இருந்தது. அறிவியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் உள்ளிட்டோர் மக்களுக்கு ஆழமான நிலவறைகள் வேண்டும் என்று வாதாடினார்கள். 1939-இல் ஹெய்லி பிரபுவின் தலைமையில் கூடிய குழு அதை ஏற்கவில்லை. இந்த ஹெய்லி முன்பு பஞ்சாபிலும் ஐக்கிய மாகாணத்திலும் ஆளுநராக இருந்தவர். ஆழமான பாதுகாப்பான இடம் கிடைத்துவிட்டால் மக்கள் வேலைக்கு வராமல் அதற்குள்ளேயே தங்கிவிடுவார்கள் என்ற அச்சம் அன்றைய அதிகாரிகளிடையே நிலவியது.

கேள்வி: அந்தக் காப்பிடம் உண்மையில் பயன்பட்டதா, அல்லது கட்டியதோடு சரியா?
– வாசகி, செங்காங்

பயன்பட்டது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் அதிகாலை நான்கு மணிக்குப் பிறகு, இந்தோ-சீனாவின் தென்பகுதியிலிருந்து கிளம்பிய 17 சப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் சிங்கப்பூரின் மேல் பறந்தன. தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அபாயச் சங்கு காலம் தாழ்த்தி ஒலித்தது. ராஃபிள்ஸ் பிளேஸ் உட்பட நகரின் மையத்தில் குண்டுகள் விழுந்து, 61 பேர் இறந்தனர். அந்த இரவில் எந்தக் காப்பிடமும் யாருக்கும் உதவியிருக்காது, ஏனென்றால் பலர் விழித்ததே வெடிச்சத்தம் கேட்ட பிறகுதான். காப்பிடம் என்பது கட்டடம் மட்டும் அன்று. முன்னெச்சரிக்கை இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

டிசம்பர் முடிவில் தாக்குதல்கள் மறுபடி தொடங்கி, 1942 ஜனவரியில் பகலிலும் இரவிலும் தொடர்ந்தபோது நிலைமை மாறியது. சங்கொலிக்கும் குண்டுக்கும் இடையே ஓடி ஒளியச் சில நிமிடங்களாவது கிடைத்தன. பேட்டைவாசிகள் பிள்ளைகளுடன் புளோக் 78-க்கு ஓடினார்கள். தியோங் பாரு இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். தெற்கே கெப்பல் துறைமுகமும் தஞ்சோங் பகார் ரயில் நிலையமும், கிழக்கே ஊட்ரம் வட்டாரத்தில் பொது மருத்துவமனையும் அருகிலேயே இருந்தன. துறைமுகத்தைக் குறிவைக்கும் விமானத்துக்கு ஒரு கிலோமீட்டர் பிசகுவது பெரிய பிசகே அன்று. மலாயாவிலிருந்து அகதிகள் வந்து குவிந்ததால் நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ பத்து லட்சத்தைத் தொட்டுவிட்ட நேரம் அது. 1,600 பேருக்கான இடத்தில் அந்தக் கூட்டத்தின் எந்தப் பங்கு அடங்கியிருக்கும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சேரி ஒழிப்புக்காகக் கட்டிய வீடுகள் என்றால் அந்தக் காப்பிடம் ஏழைகளுக்குத்தானே கிடைத்திருக்க வேண்டும்?
– வாசகர், கிளமெண்டி

நோக்கம் அதுவே, நடந்தது வேறு. சைனாடவுனின் இருட்டறைகளில் அடைந்து கிடந்தவர்களுக்குத் தியோங் பாருவின் வாடகை கட்டுப்படியாகவில்லை. குழாய்த் தண்ணீரும், தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறையும், காற்றோட்டமான மாடமும் உள்ள அந்த வீடுகளுக்கு எழுத்தர்களும் வணிகர்களும் ஓரளவு வசதி படைத்தவர்களுமே வந்தார்கள். பணக்காரர்கள் தங்கள் ஆசைநாயகிகளைக் குடிவைத்த இடம் என்ற பேரும் பேட்டைக்கு உண்டு. எனவே காப்பிடமும், அதிகம் தேவைப்பட்டவர்கள் வாழ்ந்த தெருக்களில் அமையாமல், வாடகை கட்ட முடிந்தவர்களின் அருகில் அமைந்தது. பலகைச் சுவர்களும் நெரிசலும் நிறைந்த கடைவீடுகளில்தான் ஒரு குண்டு மிகுந்த உயிர்களைக் குடிக்கும். இதைச் சதி என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாகக் கட்டும் இடத்தில்தான் காப்பிடத்தைச் சேர்த்துக் கட்ட முடியும் என்ற எளிய காரணமே போதும். ஆனால் விளைவு விளைவுதான்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் சென்னையிலும் குண்டு விழுந்தது என்பார்கள். அங்கு இப்படிப்பட்ட கட்டடம் ஏதும் உண்டா?
– வாசகி, மயிலாப்பூர்

தியோங் பாருவைப் போல், குடியிருப்புடன் சேர்த்தே திட்டமிட்டுக் கட்டிய காப்பிடம் என்று சென்னையில் எடுத்துக்காட்டத்தக்கது எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. சென்னை வேறு வழியைத் தேர்ந்தது: ஊரையே காலி செய்தது. 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து, சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினர். அரசு அலுவலகங்களும் வெளியூர்களுக்கு இடம் மாறின. உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. எதிர்பார்த்த தாக்குதல் அப்போது வரவில்லை. 1943 அக்டோபரில் ஓர் இரவு தனி விமானம் ஒன்று வந்து துறைமுகப் பகுதியில் சில குண்டுகளைப் போட்டுச் சென்றது, சேதம் குறைவு. தீவான சிங்கப்பூருக்கு ஊரைக் காலி செய்யும் வழி கிடையாது. இருந்த ஒரே நிலவழியும் பகைவன் வந்துகொண்டிருந்த வழி.

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட ஆசை. உள்ளே விடுவார்களா?
– வாசகர், தோ பாயோ

நினைத்த நேரத்தில் போக முடியாது. காப்பிடம் பூட்டியே இருக்கும். சிங்கப்பூர் வீழ்ந்த எழுபதாம் ஆண்டையொட்டி, 2012-இல் தேசிய மரபுடைமைக் கழகம் பொதுமக்களை வழிகாட்டிகளுடன் உள்ளே அழைத்துச் சென்றது. அதற்குப் பிறகும் சிறப்பு நிகழ்வுகளின்போது அவ்வப்போது திறந்திருக்கிறார்கள். அத்தகைய உலாக்களுக்கு முன்பதிவு விரைவில் நிறைந்துவிடும். அறிவிப்பு வந்ததும் பதிந்துவிடுங்கள். வெளிப்புறத்தைப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். 2003-இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் போருக்கு முந்திய 20 கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்ததால், வட்டமான மூலைகளும் பின்புறச் சுழல்படிகளும் கெடாமல் இருக்கின்றன. 2013-இல் மரபுடைமைக் கழகம் அமைத்த மரபுடைமைப் பாதையில் நடந்தால் முழுப் பேட்டையையும் சுற்றி வந்துவிடலாம். மாடியில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதையும், படிகளில் ஏறிப் படம் எடுப்பதையும் பிள்ளைகள் தவிர்க்கும்படி சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

இத்தகைய இடம் ஆண்டில் சில நாள்களாவது குறிப்பிட்ட அட்டவணைப்படி திறந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இராணுவத்தின் நிலவறையை அருங்காட்சியகமாக்கிக் காட்டுகிறோம். சாதாரண மக்கள் உட்கார்ந்திருந்த அறைக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை.

கேள்வி: எங்கள் புதிய வீவக வீட்டில் இரும்புக் கதவு போட்ட சிறிய அறை ஒன்று உள்ளது. எல்லாரும் 'பாம் ஷெல்டர்' என்கிறார்கள். நாங்கள் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் வைத்திருக்கிறோம். அதுவும் தியோங் பாரு காப்பிடமும் ஒரே வகையா? பொருள் வைத்தது தவறா?
– வாசகி, பொங்கோல்

நோக்கம் ஒன்று, முறை வேறு. தியோங் பாருவில் பலர் ஒன்றுகூடும் பொது இடம். உங்களுடையது ஒரு குடும்பத்துக்கானது. 1997-இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த குடிமைத் தற்காப்புக் காப்பிடச் சட்டம், புதிய வீடுகளில் இத்தகைய அறையைக் கட்டாயமாக்கியது. அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, கட்டடத்தின் அடி முதல் முடி வரை ஒரே கோபுரமாக நிற்கும். சுவர், தளம், கூரை மூன்றும் இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட். செங்கல்லுக்குப் பதில் கான்கிரீட் வந்தாலும் கணக்கு பழையதுதான்: நேரடி வீழ்ச்சியை அன்று, சிதறலையும் அழுத்தக் காற்றையும் தடுப்பது. பொதுக் காப்பிடங்களும் இல்லாமலில்லை. சில பெருவிரைவு ரயில் நிலையங்கள் காப்பிடமாகவும் பயன்படும்படி கட்டப்பட்டுள்ளன. புளோக் 78-இலிருந்து சற்று நடந்தால் வரும் தியோங் பாரு நிலையமும் அவற்றுள் ஒன்று.

அரிசி மூட்டை வைத்ததில் தவறே இல்லை. அமைதிக் காலத்தில் அதைச் சாமான் அறையாகப் பயன்படுத்தலாம். இரும்புக் கதவைக் கழற்றவோ மாற்றவோ கூடாது; சுவரையும் தளத்தையும் உடைக்கவோ, காற்றுத் துளைகளை நிரந்தரமாக அடைக்கவோ கூடாது. புதுப்பிப்புக் குத்தகையாளர் சுவரில் பெரிய அலமாரியைப் பதிக்கிறேன் என்று முன்வந்தால், எந்தெந்த வகை ஆணி, துளை அனுமதிக்கப்பட்டவை என்று குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளைப் பார்த்துவிட்டு, பிறகு சம்மதியுங்கள்.